பெட்டி கட்டியாச்சு, கடப்பிதழ் எங்கடா பேராண்டி?

உக்காரு பேராண்டி, எழுந்திரிக்காதே. வாசல்லயே உன் பெட்டியப் பாத்துட்டுத்தான் வர்றேன். சபாஷ்! திருச்சிக்குப் பறக்க இன்னும் மூணு வாரம் கிடக்கு, பெட்டி இன்னிக்கே வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. கோடாலித் தைலம் ரெண்டு டஜன். மைலோ பாக்கெட்டு ஒரு பக்கம், அத்தைக்குப் பாத்தேக் துணி ஒரு பக்கம். மச்சானுக்கு மணிபர்சு, மச்சான் சம்சாரத்துக்கு நைட்டி, அவங்க வீட்டு நாய்க்குக்கூட ஏதோ வாங்கியிருப்பே போலிருக்கு. எடை பாக்கத் தொங்கு தராசு வேற. உங்கப்பன் உசிரோட இருந்திருந்தா, மகனுக்கு எம்மாம் பொறுப்புன்னு கண்ணத் தொடச்சிருப்பான்.

சரி, கடப்பிதழ் எங்க?

சாமி மேடையிலயா? முருகன் படத்துக்குப் பின்னால. நல்ல இடம்தான், அவரு பாத்துக்குவாரு. குடு இப்படி, கண்ணாடியப் போட்டுக்கிறேன். அட, விபூதி வாசம் கமகமன்னு வருது. காலாவதித் தேதி... இரு, வெளிச்சத்துக்குக் காட்டு... பலே! இன்னும் நாலு மாசத்துல இதுக்கு ஆயுசு முடியுது.

‘நாலு மாசம் இருக்கே தாத்தா, நான் போயிட்டு வர்றது பத்து நாள்தானே’ங்கிறே. அருமையான கணக்கு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு உன்னைய அடிச்சதெல்லாம் வீண்போகல. ஆனா இந்தியா போடுற கணக்கு வேற. நீ போய் இறங்குற நாள்ல கடப்பிதழுக்கு இன்னும் ஆறு மாசமாவது உசிர் இருக்கணும். சிங்கப்பூரும் அப்படித்தான், இந்தோனேசியாவும் அப்படித்தான். நம்ம அரசாங்கம் அஞ்சு வருஷத்துக்குன்னு குடுக்குது, வெளியூர்க்காரன் அத நாலரை வருஷம்னு எடுத்துக்கிறான். கடைசி ஆறு மாசம், அதுல இருக்கிற உன் போட்டோவ நீயே பாத்து ரசிக்கிறதுக்கு.

புதுசு எடுக்க 200 வெள்ளி. எனக்கு அறுபது தாண்டிட்டதால 100 வெள்ளிதான். நீயும் கொஞ்சம் சீக்கிரமாப் பொறந்திருக்கலாம். மோட்டாருக்குப் புகைக்குழாய் மாத்தி ராத்திரி பூரா லயத்தையே எழுப்பி விடுறியே, அதுக்குக் குடுத்ததுல பாதிகூட வராது இது.

ஏர்போர்ட்டுல போய்ப் பேசிக்கலாம்னு உனக்கு ஒரு நினைப்பு ஓடுது, மூஞ்சியிலயே தெரியுது. நம்ம ஆளுங்களுக்குப் பேச்சு வரும், இல்லேங்கல. கங்காணிகிட்டப் பேசினோம், கிராணிகிட்டப் பேசினோம், துரை பங்களா வாசல்ல நின்னுகூடப் பேசிப் பாத்தோம். ஆனா செக்கின் கவுண்டர்ல உக்காந்திருக்கிற பொண்ணுகிட்டப் பேச்சு எடுபடாது. ஏன்னு கேளு. தாள் சரியில்லாத ஆளை ஏத்திக்கிட்டுப் போய் இறக்கினா, திருப்பிக் கொண்டாந்து விடவேண்டியது விமானக் கம்பெனி பாடு. பல நாட்டுல அபராதமும் போடுவான். அதனால அவ முன்னால ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. எந்த நாட்டுக்காரன் எந்த நாட்டுக்குப் போனா என்ன தாள் வேணும்னு அதுல வரும். சட்டம் மாறினா அதுவும் மாறிடும். இந்தியாவோட எல்லை திருச்சியிலயா இருக்கு? இல்லடா. நம்ம சிப்பாங்குல, அந்தப் பொண்ணு மேசையில இருக்கு. எல்லையில நிக்கிற ஐயனாரே அவதான். அரிவாளுக்குப் பதிலா கையில பெட்டிக்கு ஒட்டுற ஸ்டிக்கர் வச்சிருக்கா, அவ்வளவுதான் வித்தியாசம். ‘சாரி அங்கிள்’னு சிரிச்ச முகமாச் சொல்லுவா. முப்பத்தஞ்சு வயசுல அங்கிள் ஆகணும்னா அங்க போ.

1998ல அந்த ஏர்போர்ட்டத் தொறக்கிறதுக்கு முன்னால அந்தப் பக்கமெல்லாம் செம்பனைக் காடு. நீலாய், லாபு பக்கம் குடியிருக்கிறவன் பிளேன் சத்தத்துலதான் கண்ணு முழிக்கிறான். அப்படியும் பிளேன விட்டுட்டுத் திரும்பி வர்றவன்ல நம்ம ஆளு எப்பவும் முன் வரிசை.

விசா எடுத்தாச்சா? என்ன முழிக்கிறே. ‘இப்ப விசா வேணாம் தாத்தா, ஃப்ரீ’யா? யாரு சொன்னா? ரந்தாவ் மாமாவா? அவரு சொன்னா வேதவாக்குதான். போன வருஷம் ஒரு தடவ போயிட்டு வந்தாரு, இனி பத்து வருஷத்துக்கு அவர்தான் நம்ம லயத்துக்கு இந்தியத் தூதரு.

மாமா ரெண்டு சேதி கேட்டிருக்காரு. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு உன் தலையில கட்டியிருக்காரு. அவுத்துக் காட்டுறேன் பாரு. 2023 டிசம்பர் 1ந்தேதியில இருந்து இந்தியாக்காரங்க மலேசியாவுக்கு வர விசா வேணாம், முப்பது நாள் இருந்துட்டுப் போகலாம்னு நம்ம அரசாங்கம் சொல்லிச்சு. முதல்ல ஒரு வருஷம் போலன்னாங்க, பொறவு 2026 கடைசி வரைக்கும்னு நீட்டினாங்க. அது அவங்க இங்க வர்றதுக்கு. உன் மச்சான் தைப்பூசத்துக்கு விசா இல்லாம வந்து, இங்க பத்து நாள் தின்னுட்டுப் போனானே, அது இந்தக் கணக்கு. இப்ப ரெண்டாவது சேதி. 2024 ஜூலை 1ந்தேதியில இருந்து ஒரு வருஷத்துக்கு, மலேசியாக்காரங்க எடுக்கிற முப்பது நாள் இ-விசாவுக்குக் காசு வேணாம்னு இந்தியா சொல்லிச்சு. காசுதான் வேணாம்னுச்சு. விசா வேணாம்னு எங்க சொல்லிச்சு? விண்ணப்பம் உண்டு, போட்டோ உண்டு, காத்துக் கிடக்கிறது உண்டு. உங்க மாமா காதுல ‘ஃப்ரீ’ங்கிறது மட்டும் விழுந்திருக்கு. நம்ம ஆளுங்களுக்கு அந்த ஒரு சொல்லு எத்தனை தூரத்துல சொன்னாலும் கேக்கும்.

இன்னிக்குக் காசு உண்டா இல்லையான்னு என்னையும் கேக்காதே, மாமாவையும் கேக்காதே. விண்ணப்பம் போடுற அன்னிக்கு அந்தப் பக்கத்துலயே போட்டிருக்கும். எந்தப் பக்கம்? அங்கதான் அடுத்த குழி. இந்திய அரசாங்கத்துப் பக்கத்தோட முகவரியில ‘ஜிஓவி டாட் இன்’னு இருக்கும். நீ தேடினா அதுக்கு மேல நாலு பக்கம் வந்து நிக்கும். தாஜ்மகால் படமென்ன, யானை படமென்ன, ‘வாங்க வாங்க’ன்னு கூப்பிடும். அங்க போனா அரசாங்கம் கேக்காத காசையும் சேத்து அவன் கேப்பான். நீயும் குடுப்பே. அந்தப் பக்கமெல்லாம் பளபளன்னு இருக்கும், அரசாங்கத்துப் பக்கம் அழுமூஞ்சியா இருக்கும். அழுமூஞ்சியாப் பாத்து உள்ள போ.

2015 ஆகஸ்டுலதான் நம்மளுக்கு இந்த இ-விசா வந்துச்சு. அதுக்கு முன்னால கோலாலம்பூருக்கு பஸ் பிடிச்சுப் போய், வரிசையில நின்னு, கடப்பிதழ அங்கயே குடுத்துட்டு வந்து, பொறவு இன்னொரு நாள் போய் வாங்கிட்டு வரணும். உனக்கு மடியில வச்சுத் தட்டினா விசா வருது. அதுக்கே சோம்பலா இருக்கு.

அந்த விண்ணப்பத்தப் பத்திச் சொல்றேன். சம்பந்தி வீட்டுக்காரங்க கேக்க மறந்த கேள்வியெல்லாம் அது கேக்கும். என்ன மதம், எம்மாம் படிப்பு, உடம்புல என்ன அடையாளம், அப்பா அம்மா எந்த ஊர்ல பொறந்தாங்க. உன் தாத்தா பாட்டி பாகிஸ்தான்காரங்களான்னு ஒரு கேள்வி வரும். நம்ம பூட்டன் முசிறியத் தாண்டினதே கப்பலேறத்தான். ஆனாலும் ‘இல்ல’ன்னு தட்டணும். என் தாத்தாவப் பாத்து இப்படிக் கேக்கலாமான்னு ரோசப்பட்டுக்கிட்டு விட்டா, பக்கம் நகராது. இந்தியாவுல உன்னைத் தெரிஞ்ச ஆளு பேரும் முகவரியும் கேக்கும். ‘மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால, புளியமரத்து வீடு’ன்னு எழுதினா மச்சானுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெருப்பேரு, பின்கோடு எல்லாம் இப்பவே கேட்டு வாங்கி வச்சுக்க.

பேருதான் நமக்குப் பெரிய பாடு. கடப்பிதழ்ல நம்ம பேரு ஒரே வரி, நடுவுல ‘அ/லெ’ போட்டு அப்பன் பேரு. விண்ணப்பத்துல ரெண்டு பொட்டி இருக்கும், குடும்பப் பேருக்கு ஒண்ணு, சொந்தப் பேருக்கு ஒண்ணு. நமக்கு ஏதுடா குடும்பப் பேரு? நம்ம பேர எழுதினதே தோட்டத்து ஆபீஸ்ல உக்காந்திருந்த கிராணி. அவரு காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதினாரு. எங்கண்ணன் முனியாண்டிக்குப் பொறப்புப் பத்திரத்துல கடைசி எழுத்து ‘ஐ’, ஐசியில ‘ஒய்’. எனக்கு ஒரு எழுத்தே அதிகம். நீ உன் இஷ்டத்துக்கு அதையெல்லாம் திருத்தி அழகு பண்ணாதே. கடப்பிதழ்ல எப்படி இருக்கோ அப்படியே விசாவுல, அப்படியே டிக்கெட்டுல. கிராணி பண்ணின தப்ப எல்லாத் தாள்லயும் ஒரே மாதிரி பண்ணிட்டா அது தப்பே இல்ல.

போட்டோவுக்கு வர்றேன். சதுரமா இருக்கணும், பின்னால வெள்ளையா இருக்கணும். கடப்பிதழ்ப் பக்கத்தப் பிடிஎஃப்பா, 300 கேபிக்குள்ள ஏத்தணும். நேத்து நீ உன் சம்சாரத்துக்கு அனுப்பின படத்தப் பாத்தேன்டா. சமையல்கட்டு மேசையில வச்சு எடுத்திருக்கே. மேல இருக்கிற டியூப் லைட்டு வெளிச்சம் சரியா நம்பர் மேல விழுந்து, கடைசி மூணு எண்ணைக் காணோம். ஓரத்துல உன் கட்டவிரல், நகக்கண்ணுல ஃபேக்டரி கிரீஸ். கீழ் மூலையில சாம்பார்ச் சொட்டு ஒண்ணு. அத வச்சு விசா குடுத்தா, அது உனக்கா சாம்பாருக்கான்னு அவனுக்கே குழப்பம் வரும்.

அதுவும் பழைய கடப்பிதழ் படம். முதல்ல புதுசு எடு, நம்பர் மாறும். பொறவு அந்த நம்பர வச்சு விசா போடு. டிக்கெட்டுல பழைய நம்பரக் குடுத்திருந்தா அதையும் மாத்து. முன்னுக்குப் பின்னா செஞ்சே, பழைய நம்பர்ல விசாவும் புது நம்பர்ல நீயும் தனித்தனியா நிப்பீங்க. கிளம்புறதுக்கு நாலு நாளாவது முன்னால விண்ணப்பம் போடணும்னு விதி. நாலாவது நாள் போடலாம்னு நீ இப்பவே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டே. பண்ணாதே. ‘கிராண்டட்’னு வந்தாத்தான் விசா. பணம் கட்டின ரசீது, விண்ணப்பம் கிடைச்சதுன்னு வர்ற மெயிலு, இதெல்லாம் விசா இல்ல. வந்தா அதத் தாள்ல எடுத்துக்க. போன்லயே இருக்குங்கிறவன் போனு, கவுண்டர் வர்றப்பதான் சார்ஜ் தீந்து சாகும்.

நாலாம் நம்பர் லயத்துல இருக்கானே, அந்த வங்காளதேசத்துப் பையன், அவனைப் போய்ப் பாரு. நீ அவனைப் பாத்துச் சிரிப்பே, தமிழும் மலாயும் கலந்து பேசுறான்னு. அவன்கிட்ட பெர்மிட் என்னிக்கு முடியுதுன்னு கேளு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தேதி சொல்லுவான். கடப்பிதழ், பெர்மிட், டாக்டர் பரிசோதனைத் தாள், எல்லாத்துக்கும் போட்டோஸ்டேட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில போட்டு, அரிசி டப்பாவுக்கு அடியில வச்சிருக்கான். எங்கப்பன் செக்ரோல் சீட்ட எப்படி வச்சிருந்தாரோ அப்படி. நமக்குக் குடிமகன்னு நீல ஐசி கையில வந்ததும் அந்தப் பயம் விட்டுப் போச்சு.

‘இப்படிச் சட்டத்த மாத்திக்கிட்டே இருந்தா மனுசன் என்னதான் பண்ணுவான்’ங்கிறே. உனக்குத்தான் இது புதுசு. நம்ம குடும்பத்துக்கு இது கப்பலேறின நாள்ல இருந்து நடக்கிற கூத்து. நாகப்பட்டணத்துல டிப்போவுல எங்கப்பனைத் தங்க வச்சு, டாக்டரு கண்ணைப் பாத்து நாக்கைப் பாத்து, அம்மைக்குக் குத்தி, அதுக்கப்புறம்தான் கப்பல்ல ஏத்தினாங்க. டிக்கெட்டு ஓசி. தோட்ட முதலாளிங்க கட்டுற வரியில ஒரு நிதி வச்சிருந்தாங்க, 1907ல ஆரம்பிச்சது, அதுலயிருந்து குடுத்தாங்க. பினாங்குல இறங்கினா ஜெரஜாக் தீவுல கொஞ்ச நாள் காவல், சீக்கு இருக்கான்னு பாக்க. விசா கேட்டாங்களா? இல்ல. தோள்ல வலு இருக்கான்னு பாத்தாங்க. பால்மரம் வெட்ட ஆள் வேணுங்கிறப்ப கதவு ரெண்டு பக்கமும் தொறந்து கிடந்துச்சு. 1930ல ரப்பர் விலை படுத்துச்சு பாரு, அதே ஆளுங்கள அதே கப்பல்ல ஏத்தி ஆயிரக்கணக்குல திருப்பி அனுப்பினாங்க. 1938ல இந்திய அரசாங்கமே, மலாயாவுல கூலியக் குறைக்கிறாங்க, இனி கூலியாளா யாரையும் அனுப்பமாட்டோம்னு தடை போட்டுச்சு. எங்கப்பன் அதுக்கு முந்தின வருஷம் வந்தவரு. அடுத்த கப்பல்ல வர்றேன்னு சொன்ன சித்தப்பாவுக்கு அடுத்த கப்பலே வரல. சாகிறவரைக்கும் ரெண்டு பேரும் கடுதாசியிலதான் அண்ணன் தம்பி.

ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயில்பாதை போட எஸ்டேட்டு எஸ்டேட்டா ஆளப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. அந்த எல்லையத் தாண்ட ஒரு தாளும் கேக்கல. லாரி ஏறினாப் போதும். போனதுல திரும்பாதவங்க எத்தனையோ ஆயிரம். கேள்வி கேக்காம உள்ள விடுற எல்லையும் உலகத்துல உண்டு பேராண்டி.

பொறவு 1953ல குடிநுழைவுச் சட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னால, ஊருக்குப் போறதும் வர்றதும் கப்பல் டிக்கெட்டுப் பாடு. அதுக்குப் பின்னால, திரும்பி வர்றதுக்கும் அனுமதித் தாள் வேணும்னு ஆச்சு. 1957ல சுதந்திரம் வந்தப்ப, குடியுரிமைக்கு மனுப் போடுங்கன்னு மலாயா இந்தியக் காங்கிரஸ்காரங்களும் தொழிற்சங்கத்துக்காரங்களும் தொண்டை வறளக் கத்தினாங்க. நம்ம ஆளுங்க என்ன சொன்னாங்க தெரியுமா? ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்.’ இன்னிக்கு மரம் வெட்டப் போகலேன்னா இன்னிக்குக் கூலி போகும், மனு எங்கயும் ஓடிப் போகாதுன்னாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, எழுத்துத் தெரியாது, பத்திரம் கிடையாது, அதிகாரிகிட்ட மலாயில பேசணும். ஆனா 1969 கலவரத்துக்குப் பின்னால, குடியுரிமை இல்லாதவன் வேலை பாக்க பெர்மிட் எடுக்கணும்னு இறுக்கினப்ப, அந்த ‘அடுத்த மாசம்’ பெரட்டுக்களத்துல வந்து நின்னுச்சு. எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு. விடியக்காலையில தண்டல் பேர் கூப்பிடுறாரு, குடியுரிமை இல்லாம சிவப்பு ஐசி வச்சிருந்தவங்க ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கிறாங்க. முதல் நாள் வரைக்கும் அதே நிரையில பால் எடுத்தவங்க. சுமார் 60,000 பேரு நாட்ட விட்டு இந்தியாவுக்குப் போனாங்கன்னு கணக்குச் சொல்றாங்க. ‘ரஜுலா’ கப்பல்ல ஏத்திவிடப் போனவங்க, அழுகைச் சத்தத்துல கப்பல் ஊதினது கேக்கலேன்னு வந்து சொன்னாங்க.

நம்ம லயத்துக் கடைசி வீட்டுக் கிழவி போகல, இங்கயே கிடந்தா. அவளுக்குச் சாகிறவரைக்கும் சிவப்பு ஐசிதான். சிவப்பு ஐசிக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. வெளிநாடு போகணும்னா வேற ஒரு அடையாளத் தாளுக்கு எழுதிப் போட்டு, அதுல விசா வாங்கி, திரும்பி வர அனுமதி வாங்கி... அவ தங்கச்சி அங்க செத்த சேதி தந்தியில வந்தப்ப, இதெல்லாம் வாங்குறதுக்குள்ள கருமாதியே முடிஞ்சிடும்னு, வாசப்படியிலயே உக்காந்து ஒப்பாரி வச்சா. நீ நீல ஐசி. உனக்கு 200 வெள்ளியும் ஒரு காலைப் பொழுதும் போதும், அன்னிக்கே குடுத்தனுப்பிடுறாங்க. அதுக்கு மூணு மாசமா நாள் நட்சத்திரம் பாத்துக்கிட்டு இருக்கே.

சரி, மூஞ்சியத் தொங்கப் போடாதே. கோப்பியக் குடி.

2020 ஞாபகம் இருக்கா, கொரோனா வருஷம்? மார்ச் 17ந்தேதி மத்தியானம் மூணு மணியில இருந்து மலேசியாவுல இருந்து யாரும் வரக்கூடாதுன்னு இந்தியா சொல்லிடுச்சு. காலையில பெட்டி கட்டினவனுக்குச் சாயங்காலம் நாடு கிடையாது. மறுநாள் நம்ம பக்கம் ஊரடங்கு. அந்தப் பக்கம் போயிருந்தவங்க அங்கயே மாட்டிக்கிட்டாங்க. அன்னிக்கு ஒருத்தனும் தயாரா இருந்திருக்க முடியாது, அது விதி. ஆனா பாதி விதி, பாதி சோம்பேறித்தனம்னு கலந்து வச்சுக்கிட்டு, முழுசையும் விதி மேல போடுறதுல நீ கெட்டிக்காரன். டிக்கெட் வாங்குற அன்னிக்கு ஒரு தடவ பாரு, ஒரு வாரம் இருக்கிறப்ப ஒரு தடவ, கிளம்புற அன்னிக்குக் காலையில பசியாறுறதுக்கு முன்னால ஒரு தடவ. விளையாட்டு ஸ்கோரு பாக்க ஒரு நாளைக்கு நாப்பது தடவ அந்தப் போன எடுக்கிறே.

விசா வந்தாலும் கதை முடியல. 2025 அக்டோபர் 1ந்தேதியில இருந்து, இந்தியாவுக்குள்ள போற வெளிநாட்டுக்காரங்க இ-வருகை அட்டை நிரப்பணும். பிளேன்ல ஒரு தாள் குடுப்பானே, பேனா இல்லாம பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட இரவல் வாங்கி, அவன் எழுதினதையே பாத்து எழுதுவியே, அது மாறிடுச்சு. இறங்குறதுக்கு முன்னால 72 மணி நேரத்துக்குள்ள போன்லயே நிரப்பணும், காசு கிடையாது. ஒரு மாசம் முன்னாலயே பண்ணிடுறேன்னு நிக்காதே, எடுத்துக்காது. நீ வாழ்க்கையில முதல் தடவயா முந்திக்கிட்டுப் பண்ண நினைக்கிறது, முந்திப் பண்ணக் கூடாத காரியமாப் போச்சு பாரு.

இன்னொண்ணு கேள்விப்பட்டேன், சிரிச்சுச் சிரிச்சு வெத்தல புரையேறிடுச்சு. நீ நம்ம மலேசியாவோட மின்வருகை அட்டைய உன் பேருக்கே நிரப்பப் பாத்தியாமே? அது 2024 ஜனவரியில இருந்து இங்க வர்ற வெளிநாட்டுக்காரனுக்குடா. உன் மச்சான் அடுத்த தடவ வர்றப்ப அவன் நிரப்பணும், வர்றதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள. அவனுக்கு விசா வேணாம், அட்டை வேணும். உனக்கு விசாவும் வேணும், அட்டையும் வேணும். அவன் மெத்தப் படிச்சவன், அவனே பண்ணிக்குவான். உனக்குத்தான் ஆள் வைக்கணும்.

தாய்லாந்துக்காரனும் 2025 மே 1ந்தேதியில இருந்து அதே மாதிரி ஒண்ணு வச்சிட்டான். ஹாட்யாயில கூட்டாளிங்களோட சாப்பிடப் போறேன்னு சனிக்கிழமை கிளம்புவியே, பஸ் கதவு வரைக்கும் வந்து தெரிஞ்சுக்காதே. சிங்கப்பூர்ல ரொம்ப நாளா இருக்கு.

பாக்கெட்டுல என்ன புடைச்சுக்கிட்டு இருக்கு? வேப் சிகரெட்டா? மாம்பழ வாசம் அடிக்குதேன்னு பாத்தேன், வீட்டுல மாம்பழமே இல்லையேன்னும் பாத்தேன். இந்தியாவுல 2019லயே இதத் தடை பண்ணிட்டாங்க. கொண்டு போகாதே. பழக்கம் விட முடியலேன்னா, போற வழியில என் வெத்தலப் பெட்டிய எடுத்துக்க, வெத்தல அங்க எல்லாக் கடையிலயும் கிடைக்கும். உன் சம்சாரம் தாலிக்கொடிக்கு மேல இரவல் நகையெல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டு வரணும்னு உங்க ஆத்தா சொன்னாளாம், சொந்தக்காரங்க முன்னால கெத்தா இருக்கணுமாம். சுங்கத்துல நிக்கிறவரும் சொந்தக்காரர் மாதிரிதான் பாப்பாரு, எத்தனை பவுன்னு கேப்பாரு. போட்டது போதும்னு ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்.

உன் பேர்ல பாக்கி ஏதும் உண்டா? வருமான வரி, திவால் கேசு, அந்த மாதிரி? முழிக்காதே, மோட்டார் கடன எதுக்குடா நினைக்கிறே, அது இல்ல. வெளிநாடு போகத் தடை போட்டிருக்கான்னு குடிநுழைவுத் துறையோட இணையப் பக்கத்துல ஐசி நம்பரப் போட்டாத் தெரிஞ்சிடும். பிளேன் ஏறுற அன்னிக்குக் குடும்பத்து முன்னால தெரிஞ்சுக்கிறத விட, இங்க என் முன்னால தெரிஞ்சுக்கிறது கௌரவம்.

என்ன, ‘இத்தனையும் உங்களுக்கு எப்படித் தாத்தா தெரியும்’ங்கிறியா? இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும். உன் சம்சாரம் ரெண்டு வாரம் முன்னால வந்தா. ‘தாத்தா, இவருக்காகக் காத்திருந்தா நான் அறுபதாங் கல்யாணத்துக்குத்தான் ஊருக்குப் போவேன்’னா. என்னையும் மோட்டார்ல பின்னால உக்கார வச்சுக்கிட்டு சிரம்பானுக்குப் போனா. அவளுக்குப் புதுக் கடப்பிதழ், எனக்குப் புதுக் கடப்பிதழ். எனக்கு 100 வெள்ளிதான், சொன்னேன்ல. போட்டோ எடுக்கிறப்ப சிரிக்கக் கூடாதுன்னாங்க, எனக்கு அதுதான் கஷ்டமாப் போச்சு. விண்ணப்பத்த அவளே நிரப்பினா. தாத்தா பாட்டி பாகிஸ்தானான்னு வந்தப்ப நான்தான் ‘இல்ல’ன்னு தட்டினேன். ரெண்டு பேருக்கும் ‘கிராண்டட்’ வந்து, தாள்ல எடுத்து, பிளாஸ்டிக் உறையில போட்டு, அரிசி டப்பாவுக்கு அடியில இருக்கு.

ஆமா, நானும்தான் வர்றேன். எங்கப்பன் ஏறின நாகப்பட்டணத்த ஒரு தடவ பாக்கணும்னு அவகிட்டச் சொல்லியிருந்தேன், உன் டிக்கெட்டு எடுத்த அன்னிக்கே அடுத்த சீட்ட எனக்கு எடுத்துட்டா. நீ வரலேன்னாலும் நாங்க போறதா முடிவு. ஆனா உன் டிக்கெட்டுல வேற ஆளு பேரு மாத்த முடியாதாம், காசும் திரும்ப வராதாம். ரந்தாவ் மாமாவ உன் இடத்துல கூட்டிக்கிட்டுப் போகலாம்னு பாத்தேன், நடக்கல. அதனால நாளைக்குக் காலையில ஆறு மணிக்கெல்லாம் சட்டையப் போட்டுக்கிட்டு வந்து நில்லு. மோட்டார் வேணாம், சிரம்பானுக்கு பஸ்ல போவோம். அந்தப் புகைக்குழாய் சத்தத்துல உக்காந்து வர்ற வயசு எனக்கில்ல.